டோரதி டீச்சரின் தெற்றுப்பல்

டோரதி டீச்சருக்குக் கட்டுப்பல் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் தில்லை நகரில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் கலீம் டாக்டர். இன்னொருவர் அவள் வீட்டுக்காரர் கிளமென்ட். பெற்ற பிள்ளை பிராங்க்ளினுக்குத் தெரியாது, மருமகள் சுஜாவுக்குத் தெரியாது, ஒரே மதில் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு குடியிருந்த பக்கத்து வீட்டு ராசாத்திக்கும் தெரியாது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஃபாதரிடமாவது சொல்லியிருப்பாளா என்றால், ஊகூம். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பாவத்தில் சேராது என்று சாதிக்கிற மனுஷி அவள்.

பாலக்கரையில் மாதா கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில் அவர்கள் வீடு. கிளமென்ட் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டோரதி ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். தினமும் டவுன் பஸ் ஏறி, காவிரிப் பாலத்தில் ஜன்னல் காற்று வாங்கிக்கொண்டு போய் வருவாள். எத்தனையோ தடவை மேல் வகுப்புக்கு மாற்றுகிறோம் என்றார்கள். அவள் மாட்டவே மாட்டேன் என்றுவிட்டாள்.

ஒன்றாம் வகுப்பு என்றால் பல் விழுகிற வகுப்பு. ஒரு பிள்ளைக்கு ஆடும், ஒரு பிள்ளைக்குத் தொங்கும். அம்மாக்காரி கையைக் கிட்டே கொண்டுபோனாலே ஊரைக் கூட்டுகிற பிள்ளைகள், டோரதி டீச்சரிடம் தானாக வந்து வாயைத் திறந்து நிற்கும். "எங்க, கோபுரத்து மேல என்னடா அது, கிளியா?" என்பாள். பிள்ளை அண்ணாந்து பார்க்கும்போது பல் அவள் விரலுக்கு வந்திருக்கும். ரத்தத்தைப் பார்த்து அழப் போகிற பிள்ளைக்கு, குனிந்து தன் பல்லைக் காட்டிச் சிரிப்பாள். "இந்தா பாரு, டீச்சருக்கு எப்படி முளைச்சிருக்கு, உனக்கும் முளைக்கும்." அவளுக்கு மேல் வரிசையில் இடது பக்கம் ஒரு தெற்றுப்பல். பக்கத்துப் பல்லின் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பது மாதிரி கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும். அந்தப் பல் தெரிகிற சிரிப்புக்கு ஸ்ரீரங்கத்தில் பாதி வீதிகள் பழக்கம். பெண் பார்க்கப் போன அன்றைக்கு கிளமென்ட்டும் அதைப் பார்த்துத்தான் விழுந்தார். காபி வருவதற்கு முன்பே அம்மாவின் காதில் "பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் பல்லில் வந்தது வினை. பிராங்க்ளின் பிறந்த பிறகு பல் தேய்க்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் கசிந்தது. அப்புறம் சர்க்கரை வந்து சேர்ந்தது. முதலில் ஒரு கடைவாய்ப் பல். நரம்பை மட்டும் எடுத்துவிட்டு மேலே கேப் போட்டால் பல்லைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொன்னார். அரையாண்டுப் பரீட்சை முடியட்டும் என்றாள். பிறகு தவக்காலம் முடியட்டும், பிள்ளை கோயிலில் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை முடியட்டும், வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு வந்துவிடலாம். கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டே காலத்தை ஓட்டினாள். கடைசியில் போனபோது பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று ஆகிவிட்டது. ஒன்று போனால் பக்கத்தில் உள்ளது சாய்ந்தது, அது போனால் எதிரில் உள்ளது இறங்கியது. முன்னால் இரண்டு பல் போனபோது, இரண்டு பக்கமும் நின்ற பல்லை ராவி அதன் மேல் பிரிட்ஜ் கட்டினார்கள். கொஞ்ச வருஷம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு தாங்கி நின்ற பற்களே ஆட ஆரம்பித்தன.

கிளமென்ட்டின் வாயோ வேறு ஜாதி. எழுபதை நெருங்கியும் முப்பத்திரண்டும் அப்படியே இருக்கிறது. பல் டாக்டர் வீட்டுப் படியைத் தன் காரியமாக அவர் மிதித்ததே கிடையாது. பொங்கலுக்குக் கரும்பை மட்டையோடு கடித்து இழுப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் டோரதிக்குப் பற்றிக்கொண்டு வரும். "ரெண்டு வேளை தேய்க்கிறவ நானு. உங்களுக்கு மட்டும் ஆண்டவர் இரும்புல அடிச்சுக் குடுத்துட்டாராக்கும்?" என்பாள். அவர் கரும்பைக் கீழே வைத்துவிடுவார்.

ஒரு கோடை விடுமுறையில் இருவரும் கலீம் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"டீச்சர், எலும்புல திருகு மாதிரி பதிச்சு அது மேல பல் வைக்கலாம். இம்ப்ளான்ட்னு கேள்விப்பட்டிருப்பீங்க. ஆனா உங்களுக்கு எலும்பு கரைஞ்சிருக்கு, சர்க்கரை வேற கட்டுக்குள்ள இல்ல. முதல்ல அதைக் குறைக்கணும். அப்புறம் திருகு எலும்போட ஒட்டுறதுக்கு மாசக்கணக்குல ஆகும்."

"அது வரைக்கும்?"

"தற்காலிகமா ஒன்னு மாட்டிக்கலாம், சில நாளைக்கு அதுவும் போட முடியாது. இன்னொரு வழி இருக்கு. இன்னும் நாலு பல் ஓரளவு உறுதியா நிக்குது. அதைப் பிடுங்காம சரி பண்ணி, கேப் போட்டு, அதுல மாட்டுற மாதிரி கழட்டி மாட்டுற பல் செஞ்சுக்கலாம். நான்னா இதைத்தான் சொல்வேன். சொந்தப் பல் ஒன்னு இருந்தாக்கூட எலும்பு சட்டுன்னு கரையாது."

டோரதி அவர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எதுல டாக்டர் நான் ஒரு நாள்கூட பல்லில்லாம இருக்க வேண்டியதில்ல?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "முன்னாடியே அச்சு எடுத்து முழு செட்டும் செஞ்சு வெச்சுக்கிட்டு, பல்லெல்லாம் எடுக்கிற அன்னிக்கே மாட்டி அனுப்பலாம். ஆனா ஈறு சுருங்கச் சுருங்க லூசாகும். அடிக்கடி வந்து சரி பண்ணணும். நிக்கிற பல்லை எடுக்க எனக்கே மனசு வரல, டீச்சர்."

"எடுத்துடுங்க" என்றாள் டோரதி.

கிளமென்ட் வாயைத் திறந்தார். அந்த நாலையாவது விட்டுவைக்கலாமே என்று சொல்ல வந்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டார். சொந்தப் பல் முப்பத்திரண்டையும் வைத்துக்கொண்டு அவர் அங்கே நியாயம் பேசினால் எடுபடுமா?

அவள் கைப்பையிலிருந்து கல்யாண போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தாள். "இதே பல்லு இங்கயே வரணும். இதே மாதிரி கோணலா."

"எல்லாரும் கோணப் பல்லை நேராக்கத்தான் என்கிட்ட வருவாங்க" என்று டாக்டர் சிரித்தார். ஆனால் செய்தார். செட்டு செய்கிறவனிடம் போட்டோவைக் காட்டி, ஒன்றுக்கு மூன்று முறை திருப்பி அனுப்பி, அந்த ஒரு பல்லை அச்சு அசலாக முன்னால் நிறுத்திக் கொடுத்தார். பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சர் எப்போதும் போலச் சிரித்தாள். முகம் கொஞ்சம் மாறியிருக்கிறதே என்றவர்களிடம் சர்க்கரைக்கு இளைத்துவிட்டேன் என்றாள். வம்பு என்னவென்றால், புதுப் பல்லில் 'ஸ' என்ற எழுத்து வந்தால் காற்று சீட்டியடித்தது. வேலை பார்ப்பதோ ஸ்ரீரங்கத்தில்! விடுமுறை முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம் என்று சொல்லிப் பழகியிருந்தாள். வீதியில் போன ராசாத்தி, டீச்சரம்மா பெருமாளுக்கு மாறிட்டாங்களா என்று கிளமென்ட்டிடம் விசாரித்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. படுக்கும் முன் விளக்கை அணைத்துவிட்டுத்தான் பல்லைக் கழற்றுவாள். அலமாரியில் மாதா படத்துக்குப் பின்னால் ஒரு சின்ன எவர்சில்வர் சொம்பு, அதில் தண்ணீர், மேலே ஒரு தட்டு. 'டொளக்' என்று பல் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்கும். காலையில் அவருக்கு முன்னால் எழுந்து மாட்டிக்கொண்டுவிடுவாள். முன்னமே விழித்துவிட்டாலும் அவள் சொம்பைத் திரும்பத் தட்டால் மூடுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் கிளமென்ட் கண்ணை மூடியே கிடப்பார். அவளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த காலத்திலும் இது மாறவில்லை. இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்தும், பல்லில்லாத அவள் முகத்தை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பார்க்க வேண்டி வந்தது. ஒரு வியாழக்கிழமை விடியலில் எழுந்து உட்கார்ந்தவள், எழுந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். உடம்பெல்லாம் வேர்வை. கிளமென்ட் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வீதிக்கு ஓடி ஆட்டோவை மறித்தார். அவளைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தபோது, அவள் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்திருந்தாள், மற்ற கையால் முந்தானையை வாயில் வைத்துப் பொத்தியிருந்தாள். ஆட்டோவில் அவர் தோளைச் சுரண்டினாள்.

"சொம்பு..." என்றாள். முந்தானைக்குள்ளிருந்து வந்த குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"நீ பேசாம இரு. உன்னைச் சேர்த்துட்டு ஓடிப்போய் எடுத்துட்டு வந்துர்றேன்" என்றார் கிளமென்ட்.

எங்கே ஓடுவது? ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் அவளைத் தள்ளுவண்டியில் போட்டு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கண்ணாடிக் கதவு வழியாக அவர் பார்த்தார். மூக்குக்கும் வாய்க்கும் மூடி மாட்ட வந்த நர்ஸ் டோரதியின் கையை விலக்கினாள். டோரதி திரும்பக் கையை வாய்மேல் வைத்தாள். "கையை எடுங்கம்மா, காத்து வேணாமா உங்களுக்கு?" என்று நர்ஸ் அதட்டியது வெளியே கேட்டது. இன்னொருத்தி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். டோரதி கதவுப் பக்கம் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்த ஒடுங்கிய வாயை அவர் அப்போதுதான் பார்த்தார். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். தான் பார்க்கவில்லை என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் குனிந்தார். அவள் என்ன நினைத்தாளோ?

அப்புறம் நகரவே முடியவில்லை. "டோரதி கூட வந்தவங்க யாரு?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஊசி வாங்கி வரச் சொன்னார்கள், கையெழுத்துக் கேட்டார்கள், எங்கும் போயிடாதீங்க என்றார்கள். பாலக்கரைக்குப் போய் வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் அந்த நேரத்தில் ஒன்று ஆகிவிட்டால்? சென்னையிலிருந்த பிராங்க்ளினுக்குப் போன் போடவே பதினொரு மணி ஆகிவிட்டது. அவன் கிளம்பிவிட்டேன் என்றான். பக்கத்து வீட்டு ராசாத்தியிடம் வீட்டுச் சாவி ஒன்று இருந்தது. அவளை எடுத்து வரச் சொல்லலாமா என்று போனைக் கையில் எடுத்தார். என்னவென்று சொல்வது? மாதா படத்துக்குப் பின்னால் சொம்பு இருக்கு, அதுல டீச்சரோட பல்லு இருக்குன்னா? போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மத்தியானம் மூன்று மணிக்கு டாக்டர் வெளியே வந்து அவர் தோளைத் தொட்டார்.

சாயங்காலம் ஆம்புலன்ஸ் வீட்டு வாசலில் வந்து நின்றபோது பந்தல் போட்டாகிவிட்டது, நாற்காலிகள் வந்தாகிவிட்டது. பிராங்க்ளின் வழியிலிருந்தே ராசாத்திக்குச் சொல்லிவிட்டிருந்தான். பாவம், அவள் வீட்டைக் கூட்டி, மெழுகினாற்போலத் துடைத்து வைத்திருந்தாள். கிளமென்ட் நேராகப் படுக்கையறைக்குப் போனார். மாதா படத்தை நகர்த்தினார். சொம்பு இல்லை.

சொம்பு சமையலறையில் குடம், அண்டா, தவலையோடு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பளபளவென்று தேய்த்திருந்தாள்.

"நின்ன தண்ணியெல்லாம் ஊத்திட்டேன் சார்" என்றாள் ராசாத்தி, மூக்கைச் சிந்திக்கொண்டே. "சாவு விழுந்த வீட்டுல பழைய தண்ணி இருக்கக் கூடாது. உங்கள்ல உண்டோ இல்லையோ, எனக்கு மனசு கேக்கல. டீச்சரம்மா ரூம்ல இருந்த சொம்பு வரைக்கும் அழுதுகிட்டே அண்டாத் தண்ணியோட சேத்து ஊத்திட்டேன்."

"அதை எங்க ஊத்துன?"

"எல்லாத்தையும் கொல்லைச் சாக்கடையிலதான். ஏன் சார்?"

"அதுல..." என்றார் கிளமென்ட். ராசாத்தி அழுத கண்ணோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளே கையை விட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்துவிடுவாள். சொல்லிவிட்டால் டோரதி இத்தனை வருஷம் இருட்டிலே கழற்றி இருட்டிலே மாட்டியதெல்லாம் எதற்கு? "அதுல ஒரு சாவி கிடந்துச்சு" என்றார்.

அவ்வளவுதான். கொல்லைப்புறத்தில் ஒரு கூட்டமே சாவி தேட ஆரம்பித்தது. சாக்கடையில் ஒருவன் குச்சியை விட்டுக் கிளறினான். பீரோ சாவியாம், நகை இருக்குமாம், பாவம் அதான் மனுஷன் தவிக்கிறார் என்று ஆளுக்கொரு கதை. அவர்கள் கண்ணில் அது பட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் "விடுங்க, விடுங்க, நானே பாத்துக்கறேன்" என்று கிளமென்ட் கையைக் காலை ஆட்டினார். பிராங்க்ளினும் சுஜாவும் வந்து இறங்கி, அம்மா மேல் விழுந்து அழுதுவிட்டு, அப்பாவைத் தேடிக் கொல்லைக்கு வந்தார்கள். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பீரோ சாவி ஆணியிலேயே தொங்குதே" என்றாள் சுஜா, கையில் கொண்டுவந்து காட்டி.

"அது இல்லம்மா."

"வேற எந்தச் சாவிப்பா?" என்றான் பிராங்க்ளின். அவர் சாக்கடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிள்ளையும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் இருட்டிவிட்டது, அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உள்ளே டோரதி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. கன்னம் இரண்டும் உள்ளே போய், உதடு மடிந்து, மூக்கு நீண்டு, அது வேறு யாரோ. வருகிறவர்கள் எல்லாம் "ஒரே நாள்ல எப்படிம்மா இப்படி ஒட்டிப்போச்சு" என்று மலைத்து நின்றார்கள். கிளமென்ட் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருத்தர் பார்வையும் அவள் வாயில் போய் நிற்பதைப் பார்த்தார். எழுந்து ஒரு துண்டைப் போட்டு மூடிவிடலாமா என்று இருந்தது. முகத்தைப் பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள், மூடினால் விடுவார்களா?

விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்திலிருந்து அழகிரி வந்துவிட்டான். கோயில் பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கிறான். ஒரு காலத்தில் டோரதி டீச்சரிடம் பல்லைப் பறிகொடுத்தவன். ஆள் உயர மாலையைப் பெட்டிமேல் சாத்திவிட்டுக் குனிந்து பார்த்தவன், அப்படியே நின்றான்.

"இது டீச்சரான்னே தெரியலையே சார்" என்றான். "போன வாரம் கடைக்கு வந்தப்பகூட அதே சிரிப்பு. எம் பொண்ணுக்குப் பல்லு ஆடுது டீச்சர்னு சொன்னேன். கூட்டிட்டு வாடான்னாங்க." அவன் விம்மி விம்மி அழுதான்.

கிளமென்ட்டால் அங்கே உட்கார முடியவில்லை. கொல்லைக்கு நடந்தார். சாக்கடை மதிலைத் தாண்டி வெளியே போகிற இடத்தில் எலி வராமலிருக்க அவரே முன்னொரு காலத்தில் ஒரு கம்பி வலை அடித்திருந்தார். சோற்றுப் பருக்கையும் வாழைத்தோலுமாக அதில் அடைத்துக்கொண்டிருந்தது. யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு முழங்கை வரை கையை விட்டார். விரலில் வழவழவென்று ஏதோ பட்டது. மேல் செட்டு! கீழ் செட்டு வலைக்கு அடியில் நழுவிப் போயிருக்க வேண்டும், எவ்வளவு துழாவியும் அகப்படவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டு, நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கழுவினார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தெற்றுப்பல் பக்கத்துப் பல்லின் மேல் கை போட்டுக்கொண்டு அப்படியே நின்றது. டோரதியின் சிரிப்பு பாதி கிடைத்துவிட்டது.

சவப்பெட்டிக்காரர் பெஞ்சமின் அப்போது உள்ளே தனியாக மாலைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். கிளமென்ட் கிட்டே போய் மெதுவாகக் கேட்டார். "இந்தத் தாடைக் கட்டை அவுத்துட்டு... வாயைக் கொஞ்சம் திறக்க முடியுமா?"

"இனிமே எங்க சார்? முழுசா விறைச்சுப் போச்சு. பலம் குடுத்தா தாடை ஒடைஞ்சு போயிரும்" என்றார் பெஞ்சமின். "ஏன் சார், தீர்த்தம் ஏதாவது ஊத்தணுமா? உதட்டுல தொட்டு வைங்க, போதும்."

கிளமென்ட் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். சரி, வாயில் வைக்க முடியாது. சவப்பெட்டியிலாவது வைத்துவிட வேண்டும். கடைசி நாளில் எக்காளம் ஊதி எல்லாரும் எழுந்திருப்பார்கள் என்றுதானே சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? எழுந்ததும் டோரதி முதலில் சொம்பைத்தான் தேடுவாள். அத்தனை ஜனத்துக்கு மத்தியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாளே! கைக்குட்டையில் பல்லைச் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவருக்கு வேறு யோசனையே இல்லை. சவப்பெட்டி வந்ததும் அதன் பக்கத்திலேயே காவல் காத்தார். ஒரு நிமிஷம் தனியாகக் கிடைத்தால் போதும். கிடைக்கவில்லை. பாட்டுக்காரர்கள் வந்தார்கள், தெரு ஜெபக்கூட்டத்து அன்பிய ஜனங்கள் வந்தார்கள், பொன்மலைக் கூட்டாளிகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றார்கள்.

மூன்றரை மணிக்கு பெஞ்சமின் சொன்னார். "பெட்டியை மூடப் போறோம். முத்தம் குடுக்கறவங்க குடுத்துக்கங்க."

கிளமென்ட் கடைசி ஆளாகக் குனிந்தார். நெற்றியில் உதட்டை வைத்துக்கொண்டே இரண்டு விரலைச் சட்டைப்பைக்குள் விட்டார். ஜெபமாலை சுற்றிய அவள் கைக்கு அடியில் செருகிவிடலாம். கைக்குட்டை முடிச்சு அவிழ்ந்தது, பல் விரலில் அகப்பட்டது. அந்த நேரம் பார்த்துச் சுஜா அவர் தோளைப் பிடித்தாள். "மாமா, கண்ணீர் அத்தை மேல படக் கூடாதும்பாங்க. எழுந்திரிங்க மாமா." அவர் கண்ணில் கண்ணீரே இல்லை. நேற்றிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. "ஒரு நிமிஷம்மா" என்றார். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தள்ளாடுகிறார் என்று நினைத்துப் பிராங்க்ளின் பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்து அணைத்துத் தூக்கிவிட்டான். "போதும்ப்பா, போதும்ப்பா" என்று அழுதான். மூடி இறங்கியது. திருகுகள் ஏறின.

கோயிலில் பூசை நடந்தது, பிரசங்கம் நடந்தது. டோரதியின் புன்னகை இந்தப் பங்கு மக்களுக்கே ஒரு கொடை என்று ஃபாதர் சொன்னார். கிளமென்ட் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் கயிறு கட்டிப் பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்து, கையளவு மண் போடச் சொன்னார். அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. மண்ணோடு மண்ணாகப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? பெட்டிக்குள் இல்லாவிட்டால் என்ன, பெட்டி மேலே, கை எட்டுகிற தூரம்தானே? குனிந்து மண்ணை அள்ளினார். அதற்குள் பல்லை வைத்து மூடினார். குழி ஓரத்தில் போய் நின்று, டோரதி, இந்தாம்மா என்று மனசுக்குள் சொல்லிக் கையைத் திறந்தார்.

மண் பொலபொலவென்று விழுந்தது. அதோடு 'டக்' என்று ஒரு சத்தமும் கேட்டது.

குழி வெட்டுகிற சின்னையன் ஓரத்தில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். நல்ல மனுஷன். மண் போடும்போது மோதிரத்தையும் கடிகாரத்தையும் நழுவவிட்டுவிட்டு அப்புறம் வந்து அழுகிற சனங்களைப் பார்த்துப் பார்த்து, அந்த நேரத்தில் குழிக்குள் ஒரு கண் வைத்திருப்பது அவன் பழக்கம். யாரும் கேட்காமலே சடாரென்று குழிச் சுவரில் காலை ஊன்றி இறங்கி, எடுத்துக்கொண்டு ஏறிவிட்டான். அடப்பாவி மனுஷா, உன்னை யார் எடுக்கச் சொன்னது! லுங்கியில் துடைத்து, அத்தனை பேர் பார்க்க நீட்டினான்.

"பெரியவரே, குனிஞ்சதுல உங்க பல்லு செட்டு விழுந்துருச்சு. இந்தாங்க, ஒன்னும் ஆகல."

எல்லாத் தலையும் திரும்பியது. அழகிரி எட்டிப் பார்த்தான். தெற்றுப்பல் மேலே பார்த்தபடி சின்னையன் கையில் இருந்தது. இன்னும் ஒரு நொடி அப்படியே இருந்தால் அழகிரிக்குத் தெரிந்துவிடும், ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும். பிராங்க்ளின் கண்ணைத் துடைத்துக்கொண்டு "அப்பா, இது யாருது?" என்றான்.

கிளமென்ட் பாய்ந்து பிடுங்கிக் கைக்குள் மூடிக்கொண்டார். தன் வாயைச் சுட்டிக் காட்டினார். உதட்டை இறுக்கிக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"உங்களுக்கா? எப்பப்பா?"

கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "இவ்வளவு நாளா நம்மகிட்ட சொல்லவே இல்லையே மாமா" என்று சுஜா பின்னால் முணுமுணுத்தாள். அழகிரி வந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தான். "இதுல என்ன சார் இருக்கு, வயசானா எல்லாருக்கும் உள்ளதுதான். கூச்சப்படாதீங்க. கழுவிட்டு அப்புறம் மாட்டிக்கலாம்." யாரோ ஒரு பையன் தூரத்தில் களுக்கென்று சிரித்தான். கிளமென்ட்டுக்கு அது உறைக்கவில்லை. அவள் மானம் போகவில்லை. ஆனால் பல் திரும்ப அவர் கையிலேயே இருந்தது. இனி எப்படிக் கொடுப்பது?

ஃபாதர் சைகை காட்டினார். சின்னையன் மண்வெட்டியை எடுத்தான். முதல் மண் தொம்மென்று பெட்டிமேல் விழுந்தது, அடுத்தது விழுந்தது. பலகையின் மினுமினுப்பு ஒவ்வொரு துண்டாக மறைந்தது. நேற்றிலிருந்து வராமலிருந்த அழுகை அப்போது வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்தது. டோரதி என்று கூப்பிட வேண்டும், ஊரே கேட்கிற மாதிரி ஒரு முறை ஓவென்று அலற வேண்டும் என்று இருந்தது.

வாயைத் திறந்தால் முப்பத்திரண்டும் தெரிந்துவிடும். பிராங்க்ளின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கிளமென்ட் கைக்குட்டையை இன்னும் அழுத்தி வாயைப் பொத்திக்கொண்டார்.